சார்ஜ் விளக்கு எரியுது, லேப்டாப் மட்டும் எழும்பலையா? கடைக்கு ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

சார்ஜரைச் செருகியாச்சு. பக்கத்தில் உள்ள சின்ன விளக்கும் எரிகிறது. பவர் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. திரை கறுப்பாகவே இருக்கிறது.

நள்ளிரவுக்குள் பாடப்பணியைச் சமர்ப்பிக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஆனால், "போச்சு, லேப்டாப் செத்துப்போச்சு!" என்றுதான் தோன்றும். பல நேரங்களில் அது சாகவில்லை.

மின்சாரம் சுவரிலிருந்து திரைக்கு வருவதற்குள் பல இடங்களைத் தாண்டுகிறது. சுவர் சுவிட்ச், பிளக்கில் உள்ள ஃபியூஸ், சார்ஜர், கேபிள், சார்ஜ் துளை, பேட்டரி, மதர்போர்டு, கடைசியில் திரை. எந்த இடத்தில் நின்றுபோனாலும் நமக்கு வெளியே தெரிவது அதே கறுப்புத் திரைதான். ஒரு கேபிள் பழுதும் மதர்போர்டு பழுதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் செலவு ஒன்றல்ல.

ஆகவே மின்சாரம் எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

தொடுவதற்கு முன், பேட்டரி உப்பியிருக்கிறதா?

லேப்டாப்பை மூடி, சமமான மேசைமீது வையுங்கள். நான்கு மூலையும் மேசையைத் தொடுகிறதா? லேசாகத் தட்டினால் ஆடுகிறதா? மூடி முழுசாக மூடுகிறதா? விரலால் தேய்க்கும் டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? சில நாளாகவே அது சரியாக 'கிளிக்' ஆகாமல் இருந்ததா?

இவற்றில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், உள்ளே லித்தியம் பேட்டரி உப்பியிருக்கலாம். பேட்டரி பழசாகும்போது உள்ளே ரசாயன மாற்றம் நடந்து வாயு சேர்கிறது. வெப்பமும், முழு சார்ஜிலேயே எந்நேரமும் பிளக்கில் போட்டு வைத்திருப்பதும் அதை வேகப்படுத்தும். நம்ம ஊர் வெயிலையும், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் சார்ஜரைக் கழற்றுவதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது அபூர்வமான ஒன்றல்ல.

அப்படி இருந்தால் கீழே உள்ள எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜரை உடனே கழற்றுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீங்க. குத்தவோ பிரிக்கவோ வேண்டாம். எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பழுதுபார்க்கும் நிலையத்தை அழைத்து, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்த்து வீசுவது மிகவும் ஆபத்து. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

பேட்டரி சரியாக இருக்கிறதா? அப்போ மேலே போகலாம்.

உண்மையிலேயே அணைந்திருக்கிறதா?

கேட்பதற்கே வேடிக்கையாக இருக்கும். ஆனால் திரை கறுப்பாக இருப்பதும் லேப்டாப் அணைந்திருப்பதும் வெவ்வேறு விஷயங்கள்.

பொத்தானை அழுத்திவிட்டு, காதை லேப்டாப் பக்கம் வையுங்கள். விசிறிச் சத்தம் கேட்கிறதா? கீழே கொஞ்சம் சூடாகிறதா? கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் லேப்டாப் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, திரைதான் பிரச்சினை.

விண்டோஸ் லேப்டாப் என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். திரையை இயக்கும் மென்பொருள் மறுபடியும் தொடங்கும். இருட்டறையில் கைப்பேசி டார்ச்சைத் திரைமீது சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால், திரைக்குப் பின்னாலுள்ள வெளிச்சம்தான் போயிருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அதில் படம் வந்தால், அன்றிரவு வேலையைத் தொலைக்காட்சியிலேயே முடித்துவிடலாம்!

பொத்தானை 30 விநாடி பிடியுங்கள்

கணினி தயாரிக்கும் நிறுவனங்கள் பலவும் முதலில் சொல்லும் வழி இது. சார்ஜரைக் கழற்றுங்கள். மவுஸ், ஹப், மெமரி கார்டு, வெளித்திரை என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு பவர் பொத்தானை விடாமல் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். விட்டுவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி, ஒரு நிமிடம் பொறுத்து, வழக்கம்போல் ஒருமுறை அழுத்துங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது? லேப்டாப் அணைந்திருக்கும்போதும் உள்ளே ஒரு சின்ன சில்லு விழித்திருக்கும். சார்ஜ் ஏற்றுவது, விசிறியை ஓட்டுவது, பவர் பொத்தானைக் கவனிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. அந்தச் சில்லே சில சமயம் குழம்பி உறைந்துபோகும். அப்போது நீங்கள் பொத்தானை நூறு தடவை அழுத்தினாலும், கேட்க ஆளில்லாத வீட்டின் அழைப்பு மணி கதைதான். மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டு, பொத்தானை நெடுநேரம் பிடித்தால் அது முதலிலிருந்து தொடங்கும்.

லேப்டாப்புக்கு லேப்டாப் முறை கொஞ்சம் மாறும். லெனோவோவின் திங்க்பேட் வகைகள் பலவற்றில் அடிப்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, காகிதக் கிளிப்பை நிமிர்த்தி அதில் சில விநாடி மெல்ல அழுத்த வேண்டும். ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்புக்கில் பவர் பொத்தானை 10 விநாடி பிடித்து விட்டு, மறுபடி அழுத்தினால் போதும். குரோம்புக்கில் ரிஃப்ரெஷ் விசையைப் பிடித்தபடி பவர் பொத்தானைத் தட்ட வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி மூலம் வாங்கிய கற்றல் கருவி என்றால் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த படி, பள்ளியின் தொழில்நுட்ப உதவிப் பிரிவுதான். வெளிக்கடையில் பிரித்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும்.

விளக்கு எரிந்தால் போதுமான மின்சாரம் வருகிறது என்று அர்த்தமா?

இல்லை. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

யுஎஸ்பி-சி வந்தபிறகு, வீட்டிலுள்ள எந்தச் சார்ஜரும் எந்தக் கருவிக்கும் பொருந்தும் என்ற எண்ணம் வந்துவிட்டது. செருகுவதற்குப் பொருந்தும், அவ்வளவுதான்.

யுஎஸ்பி-சி கேபிளைச் செருகியவுடன் சார்ஜரும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. "என்னால் இத்தனை வோல்ட்டில் இத்தனை ஆம்பியர் தர முடியும்" என்று சார்ஜர் சொல்லும். தனக்கு வேண்டியதை லேப்டாப் கேட்டுப் பெறும். பேச்சு முடியும்வரை வருவது 5 வோல்ட் மட்டுமே. பேச்சு சரிவராமல் போனால் அந்த 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றுக்கு 45 அல்லது 65 வாட் தேவை. கைப்பேசியோடு பயன்படுத்தும் 20 வாட் சார்ஜரைச் செருகினால் விளக்கு எரியலாம், சார்ஜ் துளித்துளியாக ஏறவும் செய்யலாம். ஆனால் பேட்டரி காலியாக இருக்கும் லேப்டாப்பை எழுப்ப அது போதாது.

சார்ஜரின் அடியில் உள்ள பொடி எழுத்துகளைப் படியுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 65 வாட். லேப்டாப்போடு வந்த சார்ஜரில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

சார்ஜர் சரி, கேபிள்? அதிலும் வேறுபாடு உண்டு. சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் தாங்காது, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்குமேல் போக வேண்டுமென்றால் கேபிளுக்குள்ளேயே ஒரு குட்டிச் சில்லு இருக்க வேண்டும். 100 வாட் சார்ஜர் வாங்கி, பழைய கைப்பேசிக் கேபிளைப் போட்டால் கிடைப்பது 60 வாட்தான். பார்வைக்கு இரண்டு கேபிளும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் எரிச்சல்.

இரண்டு மூன்று துளை உள்ள சார்ஜரில் இன்னொரு கதை. பெட்டியில் பெரிதாக '65 வாட்' என்றிருக்கும். பக்கத்துத் துளையில் கைப்பேசியையும் செருகினால், சார்ஜர் அதைப் பிரித்துக் கொடுக்கும். லேப்டாப்புக்கு 45 வாட் மட்டும் வரலாம். ஆக, சோதிக்கும்போது லேப்டாப்பை மட்டும் செருகுங்க. இடையில் ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேராகச் செருகுங்க.

லேப்டாப்பில் உள்ள எல்லா யுஎஸ்பி-சி துளைகளும் மின்சாரம் வாங்காது. சில துளைகள் தரவுப் பரிமாற்றத்துக்கு மட்டும். அடுத்த துளையில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். விளையாட்டுக்கான பெரிய லேப்டாப்களுக்கு 200 வாட்டுக்கு மேலேயும் தேவைப்படும். அவற்றின் யுஎஸ்பி-சி துளை மின்சாரம் வாங்கினாலும், சொந்தச் சார்ஜருக்கு ஈடாகாது.

பழைய வட்ட முனைச் சார்ஜரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டெல், எச்பி லேப்டாப்கள் பலவற்றில் முனையின் நடுவே ஊசிபோல ஒரு கம்பி இருக்கும். அது மின்சாரம் கொண்டுபோவதற்கில்லை. "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்கு. அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப் அந்தச் சார்ஜரை நம்பாது. விளக்கு எரியும், பேட்டரி ஏறாது. ஒரு நாள் பேட்டரி காலியானதும் திடீரென்று எல்லாம் நின்றதுபோல் தெரியும்.

துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பையில் போட்டுத் தூக்கிச் செல்வதால் பஞ்சும் தூசும் அடைந்திருக்கும். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப் அணைந்த நிலையில், மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். குண்டூசி, ஹேர்பின் வேண்டாம்.

சுவரையும் விட்டுவிடாதீர்கள்

அதே பிளக் துளையில் மேசை விளக்கையோ விசிறியையோ போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் பயன்படுத்தும் மூன்று முனை பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது. சார்ஜரின் சுவர்க் கேபிளைத் தனியாகக் கழற்ற முடியுமென்றால், வேறொரு சார்ஜரின் அதே வகைக் கேபிளை மாற்றிப் போட்டால் போதும், பிரச்சினை அங்கேதானா என்று தெரிந்துவிடும்.

இந்தியாவிலோ அமெரிக்காவிலோ வாங்கிய லேப்டாப்பா? சார்ஜரில் 100-240 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குப் பிரச்சினையில்லை. தொந்தரவு பெரும்பாலும் இடையில் போடும் பயண அடாப்டரில்தான். லூசாக இருந்தால் மின்சாரம் விட்டு விட்டு வரும்.

புதிய சார்ஜர் வாங்குவதாக இருந்தால் 'சேஃப்டி மார்க்' எனப்படும் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் விற்கப்படும் சார்ஜர் அடாப்டர்களுக்கு அது கட்டாயம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும் மலிவுச் சார்ஜர்களில் அது இல்லாமல் போகலாம். விலையில் சில வெள்ளி மிச்சம், ஆபத்தில் பல மடங்கு.

கொஞ்சம் காத்திருங்கள்

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த லேப்டாப்பா? பேட்டரி அடிமட்டத்துக்குக் காலியாகியிருந்தால், அதற்கு ஒரேயடியாக வேகமாக மின்சாரம் ஏற்றுவது ஆபத்து. எனவே முதலில் மிகக் குறைவாகவே ஏறும். அந்த நேரத்தில் சில லேப்டாப்கள் எழவே மாட்டா. சொந்தச் சார்ஜரில் அரை மணி நேரமாவது போட்டுவிட்டு, குளிச்சிட்டு வாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்ப்பதால் பயனில்லை.

சூடான காரில் இருந்து எடுத்துவந்த லேப்டாப்பும் சார்ஜ் ஏற மறுக்கலாம். பேட்டரி ஆறும்வரை அது தானாகவே தடுத்துக்கொள்ளும். அறை வெப்பத்தில் ஆறவிடுங்கள். குளிர்பெட்டியில் வைக்கிற யோசனை வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் படியும்.

லேப்டாப் ஓடுகிறது, சார்ஜ் மட்டும் 80 விழுக்காட்டில் நிற்கிறது என்றால் அது பழுதே இல்லை. பேட்டரி நீண்டநாள் உழைக்க வேண்டும் என்று லேப்டாப்பே வைக்கும் வரம்பு அது.

விளக்கு சிமிட்டினால் எண்ணுங்கள்

பொத்தானை அழுத்தியதும் ஒரு விளக்கு சிமிட்டுகிறதா? 'பீப்' சத்தம் வருகிறதா? அது லேப்டாப் அனுப்பும் தந்தி. டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஆரஞ்சு நிறத்தில் சில தடவை, வெள்ளையில் சில தடவை சிமிட்டும். எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும். எத்தனை தடவை என்பதைப் பொறுத்து நினைவகமா, மதர்போர்டா, திரையா என்று பொருள் மாறும். கைப்பேசியில் காணொளி எடுத்துவைத்துக்கொண்டு, உங்கள் லேப்டாப் மாடல் பெயரோடு தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடுங்கள். கடைக்குப் போனாலும் அந்தக் காணொளியைக் காட்டுங்கள்.

தே தாரே கொட்டியிருந்தால்

மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். சார்ஜரைப் பிடுங்குங்கள், பொத்தானைப் பிடித்து அணையுங்கள், லேப்டாப்பைத் திறந்த நிலையில் கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். அரிசி மூட்டை உதவாது. "எழும்புதான்னு பார்ப்போமே" என்று சார்ஜரை மறுபடி செருகுவதுதான் பல லேப்டாப்களை உண்மையில் கொல்கிறது. ஈரத்தின்மீது மின்சாரம் போனால் சர்க்கியூட் கருகும். பாலும் சீனியும் காய்ந்தாலும் உள்ளே ஒட்டிக்கொண்டு உலோகத்தை அரிக்கும். இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மூன்றாம் நாள் நின்றுபோவது அதனால்தான். உள்ளே திறந்து சுத்தம் செய்பவரிடம் சீக்கிரம் கொண்டுபோங்கள். எது கொட்டியது என்று மறைக்காமல் சொல்லுங்க.

கடையில் என்ன கேட்பது?

இத்தனையும் செய்து பார்த்தும் எழவில்லையா? இப்போது கடைக்குப் போகலாம். ஆனால் "லேப்டாப் ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வேறு 65 வாட் சார்ஜர் போட்டுப் பார்த்தேன், பொத்தானை 30 விநாடி பிடித்தேன், விசிறி ஓடலை, கேப்ஸ் லாக் எரியலை" என்று சொல்லுங்கள். எதைச் சோதித்தோம் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம் யாரும் எடுத்தவுடன் "மதர்போர்டு போச்சு" என்று சொல்ல மாட்டார்கள். பழுதைக் கண்டுபிடிக்க மட்டும் கட்டணம் உண்டா, பழுதுபார்க்க வேண்டாம் என்றால் அதைக் கட்ட வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மதர்போர்டை முழுவதுமாக மாற்றாமல், சார்ஜ் துளையையோ ஒரு சின்ன பாகத்தையோ மட்டும் மாற்ற முடியுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையா? சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன் சட்டம்' உங்கள் பக்கம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். கடையிலிருந்து வாங்கிய பழைய பொருளுக்கும் அது பொருந்தும். நீங்களே கீழே போட்டதற்கும் தே தாரே கொட்டியதற்கும் பொருந்தாது. பேச்சில் தீரவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான சர்ச்சைகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கும். அங்கு வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது.

உள்ளே இருக்கும் கோப்புகள்?

லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கலாம். பட்டப்படிப்பு ஆய்வும் தாத்தாவின் படங்களும் கடையில் கிடைக்காது. "எப்படியும் சரிபண்ணிடுவாங்க" என்று லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வந்தபிறகு இதைப் பற்றி யோசிப்பவர்கள்தான் அதிகம்.

மின்சாரப் பிரச்சினையால் எழாத லேப்டாப்பில் சேமிப்பகம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் அது தனியாகக் கழற்றக்கூடிய ஒரு சின்னப் பட்டை. கடைக்காரர் அதை எடுத்து வேறு கணினியில் போட்டுக் கோப்புகளை நகல் எடுத்துத் தரலாம். மேக்புக்கில் அப்படி முடியாது. அண்மைக்கால மேக்புக்குகளில் சேமிப்பகம் மதர்போர்டோடு ஒட்டப்பட்டிருக்கும். அதன் பூட்டும் சாவியும் அதே சில்லுக்குள் இருப்பதால், போர்டு ஓடினால்தான் கோப்பு கிடைக்கும். அதனால் மேக்புக்கைக் கொடுக்கும்போது "எனக்குத் தரவு வேண்டும், போர்டை மாற்றாதீங்க, முதலில் சரிசெய்யப் பாருங்க" என்று சொல்வது முக்கியம்.

விண்டோஸிலும் ஒரு பூட்டு உண்டு, அதன் பெயர் பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய புதிய லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே அது பூட்டப்பட்டிருக்கலாம். மதர்போர்டை மாற்றினாலோ, சேமிப்பகத்தை வேறு கணினியில் போட்டாலோ அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் கடைக்காரராலும் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. லேப்டாப் செத்துக் கிடந்தாலும் கைப்பேசியிலிருந்தே அதை எடுக்கலாம். உலாவியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்பு எண்ணைத் தேடுங்கள். பள்ளி அல்லது அலுவலகக் கணக்கு என்றால் அங்குள்ள தொழில்நுட்பப் பிரிவிடம் இருக்கும். கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.